இலையைத் திருப்பிப் பாருங்கள்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முடவாட்டுக்கால் சூப் குடிக்காமல் இறங்குவதில்லை. மிளகும் சீரகமும் தட்டிப் போட்ட அந்தச் சூப்பில் வேகும் கிழங்கு, பாறையிலும் மரத்திலும் தொற்றிப் படரும் ஒரு பெரணியின் (ஃபெர்ன்) தண்டு. வயலில் பறிக்கும் ஆரைக்கீரையும் பெரணி. மாட்டுத் தீவனத்துக்காகத் தொட்டியில் வளர்க்கும் அசோலாவும் பெரணிதான். கொங்கு நாட்டில் இத்தனை காலம் நம்மோடு பழகிய இந்தச் செடியைக் கொஞ்சம் நின்று பார்க்கப் பழகுவோம்.

அடிப்பக்கம்தான் அழகு

பூச்செடியைப் பார்ப்பதுபோல் மேலிருந்து பார்த்தால் பெரணி வெறும் பச்சைதான். முதிர்ந்த இலை ஒன்றைத் திருப்புங்கள். அடியில் பழுப்பு நிறத்தில் தெரிபவை, ஸ்போர் எனப்படும் வித்துத்தூள் நிறைந்த பைகளின் கூட்டங்கள். ஒவ்வொரு பெரணிக்கும் ஒரு கோலம் உண்டு. பாஸ்டன் பெரணியில் அவை வரிசையான புள்ளிகள். பேர்ட்ஸ் நெஸ்ட் பெரணியில் நடுநரம்பிலிருந்து சாய்ந்து ஓடும் கோடுகள். மெய்டன்ஹேர் பெரணியில் இலை விளிம்பே மடிந்து அவற்றை மூடியிருக்கும்.

பூச்சி விழுந்துவிட்டது என்று பயந்து இதன்மேல் மருந்தடிப்பவர்கள் உண்டு. ஒழுங்கான வரிசையில் இருந்தால் அது வித்து. காம்பிலும் இலையிலும் தாறுமாறாக ஒட்டி, பிசுபிசுத்தால்தான் பூச்சி.

முதிர்ந்த இலைத்துண்டை வெள்ளைத்தாளில் வைத்து ஓரிரு நாள் காற்றுப்படாமல் விடுங்கள். பழுப்புத் தூள் படிந்திருக்கும். அந்தத் தூள் ஈரத்தில் விழுந்தால் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடாக முளைக்கும். அதன் அடிப்பக்கத்தில் படியும் தண்ணீர்ப் படலத்தில் ஆண் அணு நீந்திப்போய் முட்டையோடு சேர்ந்தால்தான் புதிய செடி உருவாகும். கிணற்றுச் சுவரிலும் அருவி ஓரத்திலும் பெரணியைத் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

முடவாட்டுக்காலின் இரண்டு இலைகள்

மலைப்பாதையில் முடவாட்டுக்காலைக் கண்டால் சற்று நேரம் நில்லுங்கள். தண்டை ஒட்டி, காம்பில்லாமல், காய்ந்த காகிதம்போல் பழுப்பாக அடுக்கியிருப்பவை ஒருவகை இலைகள். செத்துப்போனவை என்று நினைத்துவிட வேண்டாம். உதிர்ந்த சருகையும் தூசியையும் மழைநீரையும் பிடித்து வைத்து, மண்ணே இல்லாத இடத்தில் செடிக்கு எரு சேர்ப்பவை அவைதான். நீண்டு வெட்டுவெட்டாக நிற்கும் பச்சை இலைகள் வேறு வகை. உணவு தயாரிப்பதும் வித்துத்தூள் தாங்குவதும் அவற்றின் வேலை. கோடையில் பச்சை இலைகள் உதிர்ந்தாலும் சதைப்பற்றுள்ள தண்டு தாக்குப்பிடித்து, மழை விழுந்ததும் துளிர்க்கும். சுருண்டு வரும் அந்தத் துளிர் அடியிலிருந்து நுனிக்கு நாளுக்கு நாள் விரிவதைப் பார்ப்பது, பெரணி வளர்ப்பவருக்குக் கிடைக்கும் முதல் சந்தோஷம்.

கோவை வீட்டில் வளர்க்க

இங்கே வெயிலைவிடக் காற்றுதான் பெரிய பகை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, வானம் மூடியிருந்தாலும் இலையைக் காயவைத்துவிடும். காற்று நேராக மோதாத வடக்குப் பக்கத் திண்ணையோ மாமரத்து நிழலோ நல்லது.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீரின் உப்பு இலை நுனியைக் கருக்கும். சிறுவாணித் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைநீர் ஊற்றுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்கி, மக்கிய இலை, கரித்துண்டுகளோடு கலந்தால் தொட்டிக் கலவை தயார். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. பேர்ட்ஸ் நெஸ்ட்டின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகும், சுற்றி ஊற்றுங்கள். மெய்டன்ஹேர் வாடிப்போனால் தூக்கி எறியாதீர்கள்; அடியோடு கத்தரித்து ஈரமாக வைத்தால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்கும். தொற்றிப் படரும் வகைகளின் தண்டைப் புதைக்காமல் மரக்கட்டையில் கட்டிவிடுங்கள்.

எங்கே பார்க்கலாம்?

வால்பாறை ஓடைக்கரைகளில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மரப்பெரணிகள் உண்டு. உதகை தாவரவியல் பூங்காவில் பெரணி இல்லமே இருக்கிறது. நூலில் பார்க்க வேண்டுமென்றால், சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் என்பவர் தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களோடு 1863 முதல் நூலாக வெளியிட்டார். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும், உலர்த்திய செடி மாதிரிகளைக் காக்கும் சென்னை உலர்தாவரகமும் நம் கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில்தான் இருக்கின்றன. பழைய சுண்ணாம்புச் சுவர்களில் முளைக்கும் டெரிஸ் விட்டேட்டா என்ற பெரணியையும் கவனியுங்கள். மண்ணிலிருக்கும் ஆர்சனிக் நஞ்சை அது உறிஞ்சிச் சேர்ப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். காட்டிலிருந்து எதையும் பிடுங்கி வராதீர்கள். காப்புக்காட்டில் அது சட்டப்படி குற்றம். தண்டை வெட்டி எடுத்த முடவாட்டுக்கால் எளிதில் மீள்வதும் இல்லை. வீட்டுக்கு வேண்டியதை நர்சரியில் வாங்குங்கள். பாஸ்டன் பெரணி ஒரு தொட்டி இருந்தால் போதும், பக்கம் விடும் கன்றுகளைப் பிரித்துத் தெருவுக்கே கொடுக்கலாம்.