சிக்கனத்தில் யார் கை வலிக்கிறது?

"வீட்டுக்காரரைச் சிக்கனத்துக்கு எப்படிக் கொண்டுவருவது?" என்று கேட்பவர்களும், "அவளுக்குச் சிக்கனம் என்றாலே ஆகாது" என்று அலுத்துக்கொள்பவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். தாம் சிக்கனமானவர் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமே கிடையாது. திருந்த வேண்டியவர் எதிரில் இருப்பவர். இவர்களுக்குப் பத்திரிகைகளும் யூடியூப் சேனல்களும் தரும் பதில்களும் அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டுதான் தொடங்குகின்றன: பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், கணக்கு நோட்டு போடுங்கள், நீங்கள் முன்மாதிரியாக இருங்கள். மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்று நாடி பிடித்துப் பார்க்காமலே வைத்தியம் நடக்கிறது. எந்த வழி தேறும், எது தேறாது என்று எடைபோடுவதற்கு முன்னால் அந்த மறுப்பை விசாரித்தாக வேண்டும்.

இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். பாக்கெட் மாவு வாங்குவது தண்டச்செலவு, அரிசியும் உளுந்தும் வாங்கி வீட்டில் ஆட்டினால் எவ்வளவோ மிச்சம் என்று ஒருவர் சொல்கிறார். மளிகைக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். மீதிக் கணக்கையும் எழுதுவோம். அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாகக் களைந்து ஊறவைக்க வேண்டும். முதலில் உளுந்தைப் போட்டு, பக்கத்திலேயே நின்று தண்ணீர் தெளித்துத் தெளித்து, பந்துபோல் பொங்கி வரும்வரை ஆட்டி வழிக்க வேண்டும். பிறகு அரிசி. உப்புப் போட்டுக் கையால் கரைத்து வைத்துவிட்டுத் திரும்பினால் கிரைண்டர் காத்திருக்கும். கல்லைத் தூக்கிக் கழுவி, பாத்திரத்தின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி, காயவைத்து மூட வேண்டும். கோடையில் ராத்திரி மாவு பொங்கி வழிந்தால் காலையில் மேடையைத் துடைக்கும் வேலை தனி. இதில் பெரும்பாலான வீடுகளில் ஆட்டச் சொன்னவர் வேறு, ஆட்டுபவர் வேறு. மிச்சமான ரூபாய் சொன்னவரின் சாமர்த்தியமாகிறது. ஆட்டியவரின் ஒன்றரை மணி நேரம் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

நாம் வீட்டில் சிக்கனம் என்று பாராட்டுவதில் கணிசமான பகுதி இந்த வகைதான். செலவு குறையவில்லை, பணமாக இருந்தது ஒருவரின் உழைப்பாக மாறியிருக்கிறது. கைக்குழந்தையோடு ஆட்டோவில் போகாமல் இரண்டு பஸ் மாறுவது, வாஷிங் மெஷினை விட்டுக் கையால் துவைப்பது எல்லாம் இதே கணக்குதான். பெண்கள் மட்டும் சுமப்பதும் இல்லை. பத்து ரூபாய் குறைவு என்று கேள்விப்பட்டு, வேலை முடிந்து வந்த கணவனை ஊரின் மறுகோடிக்கு அரிசி மூட்டை எடுத்துவர அனுப்பும் வீடுகளும் உண்டு. இந்த இடத்தில் "முடியாது" என்று சொல்பவரை ஊதாரி என்று அழைப்பது அநியாயம். எழுதாமல் விட்ட வரியைச் சுட்டிக்காட்டும் தணிக்கையாளர் அவர்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. வறுமையில் வளர்ந்தவர்களுக்குச் சிக்கனம் ஒரு கொள்கையாகத் தெரியாது; அது ஒரு வாசனையாகத் தெரியும். ரேஷன் கடை வரிசை, அண்ணன் போட்டுக் கழித்த சட்டை, விருந்தாளிக்கு மட்டும் கலந்த பால் காபி. அதிலிருந்து ஏறி வந்தவரிடம் "இந்த மாதம் பழம் வேண்டாமே" என்று சொன்னால் காதில் விழுவது வேறு. வசதியாக வளர்ந்தவர்களுக்கு எளிமை ஒரு ரசனை, கழற்றி மாட்டிக்கொள்ளலாம். இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தும்போது, சண்டை பழத்தைப் பற்றியது என்று நினைப்பது பேதைமை.

அதற்காக எல்லா மறுப்புக்கும் மாலை போட முடியாது. தவணையில் போனும் பைக்கும் வாங்கிவிட்டு "வாழ்வதே ஒருமுறைதான்" என்று தத்துவம் பேசுபவரும், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் புதுப்பட்டு எடுத்தாக வேண்டும் என்று நிற்பவரும் இருக்கத்தான் செய்கிறார்கள். இதிலும் ஒரு விசித்திரம் உண்டு. ஸ்காட் ரிக், டெபோரா ஸ்மால், எலி ஃபிங்கெல் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, செலவழிக்கத் தயங்குபவர்களும் தாராளமாகச் செலவழிப்பவர்களும் ஒருவரையொருவர் மணக்கும் போக்கு இருக்கிறது. அந்த வேறுபாடு பெரிதாக இருக்கும் தம்பதியரிடையே பணச் சண்டையும் கூடுதல். ஜாதகம் பார்த்து முடிக்கும் நம் கல்யாணங்களுக்கு இதன் முதல் பாதி எவ்வளவு பொருந்துமோ, இரண்டாம் பாதிக்கு ஆய்வே தேவையில்லை.

இனி வழிகளைப் பார்க்கலாம்.

அறிவுரை தேறாது. காரணம், அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் சின்னச் செலவைத்தான் பிடித்துக்கொள்ளும். கூடத்தில் யாரும் இல்லாமல் எரியும் 9 வாட் எல்இடி பல்பு தினமும் ஐந்து மணி நேரம் வீணாக எரிந்தாலும், மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்தில் அது இழுப்பது மூன்று யூனிட்டுக்கும் குறைவு. ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கே ஏறத்தாழ ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் எடுக்கும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எரித்த வீட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட் எரித்த வீட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல், ஏனென்றால் 500ஐத் தாண்டியதும் கீழ்ப்படியில் இருந்த சலுகை விகிதமும் பறிபோகிறது. விகிதங்கள் பிறகு ஏறின. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு, ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்னால் மீட்டரைப் பார்த்து "இன்னும் நாற்பது யூனிட்தான் இருக்கு, விடியற்காலையில ஏசியை நிறுத்திடலாமா?" என்று கேட்பவர் ஒரு முடிவைக் கேட்கிறார். "லைட்டை அணைக்கத் தெரியாதா?" என்பவர் ஒரு குற்றத்தைச் சொல்கிறார். ஆறு மாதம் பல்புக்காகப் போட்ட சண்டையில் மிஞ்சியதைவிட அந்த ஒரு கேள்வியில் மிஞ்சும்.

அடுத்தது நம் மண்ணின் வழி: சிறுவாடு. அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலும் கணவனுக்குத் தெரியாமல் சேர்த்த காசு எத்தனையோ குடும்பத்தில் பரீட்சைக் கட்டணமாகவும் ஆஸ்பத்திரிச் செலவாகவும் வந்து நின்றிருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, அந்தப் பணம் வெளிச்சத்துக்கு வரவேண்டியதாயிற்று. அதை ஒரு நகைச்சுவையாகவே பேசி முடித்துவிட்டோம். பல பெண்களுக்கு அது கையில் இருந்த ஒரே பாதுகாப்பு பறிபோன நாள். குடிக்கும் கணவன், கை ஓங்கும் கணவன் இருக்கும் வீட்டில் சிறுவாடு சேர்ப்பதை யாரும் எடைபோட வேண்டியதில்லை. அங்கே அது நியாயமே. மற்ற வீடுகளில் அது பலவீனமான கருவி. வட்டி கிடையாது, விலைவாசி அரித்துவிடும். முக்கியமாக, சிக்கனத்தால் என்ன கிடைத்தது என்பதை மறுப்பவர் பார்க்கவே முடியாது. பார்க்காத பலனை அவர் எப்படி நம்புவார்?

கணக்கு நோட்டுக்கு நல்ல பெயர் உண்டு. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904இலேயே குடும்பக் கணக்கு நோட்டை அச்சிட்டு வெளியிட்டார். ககெய்போ என்ற பெயரில் அது இன்றும் வாழ்கிறது. நம் பக்கத்திலும் டைரியின் கடைசிப் பக்கங்களில் பால், பேப்பர், இஸ்திரி என்று எழுதிவைத்த தலைமுறை ஒன்று இருந்தது. எழுதுவதில் குறை இல்லை. ஒருவர் எழுதி மற்றவரிடம் நீட்டுவதில்தான் குறை. அந்த நிமிடமே ஒருவர் மேலதிகாரி, மற்றவர் பில் காட்டி விளக்கம் சொல்லும் சிப்பந்தி.

இதை நாவா அஷ்ரப் என்ற பொருளியலாளர் பிலிப்பைன்ஸில் நடத்தி 2009இல் வெளியிட்ட பரிசோதனை துல்லியமாகக் காட்டுகிறது. குடும்பச் சேமிப்பு மனைவி கையில் இருக்கும் வீட்டுக் கணவர்களுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். என்ன செய்தார்கள் என்பது மனைவிக்குத் தெரியாது என்ற நிலையில், தங்கள் சொந்தக் கணக்கில் போட்டுக்கொண்டார்கள். மனைவிக்குத் தெரியவரும் என்றபோது, சேமிக்காமல் தங்களுக்கான செலவுக்கே ஒதுக்கிவிட்டார்கள். முடிவெடுக்கும் முன்னால் இருவரும் பேச வேண்டும் என்று வைத்தபோதுதான் பணம் மனைவியின் கணக்குக்குப் போனது. நடுவில் உள்ள முடிவைத்தான் நம் ஆலோசகர்கள் கவனிக்க வேண்டும். செலவுக்குப் பின் காட்டப்படும் கணக்கு, மறைவைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிப்பதில்லை. சில சமயம் "எப்படியும் பிடுங்கிவிடுவார்கள், அதற்குள் செலவழித்துவிடுவோம்" என்ற புத்தியைத்தான் கொடுக்கும்.

ஏலச்சீட்டை நான் இவற்றுக்கெல்லாம் மேலே வைப்பேன். பட்ஜெட் என்றால் முகம் சுளிப்பவர்கூட சீட்டு என்றால் சேர்ந்துவிடுகிறார். எதற்குச் சேர்க்கிறோம், எந்த மாதம் முடியும் என்பது தெரியும். கட்டத் தவறினால் தெருவில் தலை காட்ட முடியாது. கேட்பவர் சீட்டுப் பிடிப்பவர் என்பதால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அதட்ட வேண்டியதில்லை. வீட்டுக்குள் இருந்த காவல் வேலையை வெளியே ஒப்படைத்துவிடுகிறார்கள். அதற்கு ஒரு விலையும் உண்டு. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தில் நடத்துபவருக்கு 5 சதவீதமாக இருந்த கழிவு உச்சவரம்பு, 2019 திருத்தத்தில் 7 சதவீதமானது. பதிவு செய்யாத சீட்டுகளில் ஆள் ஓடிவிட்டால் முதலே போச்சு. நகைச்சீட்டும் தீபாவளிச் சீட்டும் உண்மையில் சேமிப்பே இல்லை, முன்கூட்டியே கட்டும் செலவு.

ஐந்தாவது வழி நம் ஊரில் அதிகம் பேசப்படாதது. ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களிடம் இன்றைய சம்பளத்தைத் தொடாமல், இனி வரப்போகும் சம்பள உயர்விலிருந்து ஒரு பங்கைச் சேமிக்க முன்கூட்டியே சம்மதம் வாங்கினார்கள். 40 மாதத்தில் அவர்களின் சேமிப்பு சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக ஏறியது. கையில் இருப்பதைப் பிடுங்கினால் வலிக்கும். இன்னும் கைக்கு வராததைப் பங்கிட்டால் அவ்வளவு வலிக்காது. பைக் தவணை முடியும் மாதத்திலிருந்து அதே தொகையைத் தபால் நிலைய ஆர்.டி.யில் ஐந்து வருடம் போடுவது, அடுத்த அகவிலைப்படி உயர்வில் பாதியை ஒதுக்குவது என்று வீட்டு அளவில் இதைச் செய்துகொள்ளலாம். பழத்தை நிறுத்த வேண்டியதில்லை, ஏசியை விற்க வேண்டியதில்லை. வறுமையில் வளர்ந்தவருக்கும் இதில் மறுக்க எதுவும் இல்லை, ஏனென்றால் அவர் ஒரு படிகூட இறங்கவில்லை.

திருக்குறளின் இரண்டு இடங்கள் இங்கே நினைவுக்கு வருகின்றன. ஆறாம் அதிகாரமான வாழ்க்கைத் துணைநலத்தின் முதல் குறள், கணவனின் வரவுக்குத் தக வாழ்வதை மனைவியின் இலக்கணமாகச் சொல்கிறது. 48ஆம் அதிகாரமான வலியறிதலில், வரவு சிறிதானாலும் செலவு விரியாதவரை கெடுதி இல்லை என்ற கருத்து வருகிறது. அங்கே கேட்டுக்கொண்டிருப்பவன் அரசன். ஒரே விஷயம் மனைவியிடம் சொல்லும்போது குணமாகிறது, அரசனிடம் சொல்லும்போது வலிமையை அளந்து பார்க்கும் வேலையாகிறது. கல்யாண மேடைகளில் வாழ்த்துபவர்கள் முதலாவதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். குடும்பத்துக்கு உதவுவது இரண்டாவது. குணம் என்று வந்துவிட்டால் மறுப்பவர் கெட்டவராகிவிடுகிறார். அளவு என்று வந்தால் இருவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேச முடியும்.

ஆகவே என் தீர்ப்பு ஐந்தாம் வழிக்கே, மூன்று நிபந்தனைகளோடு. பேச்சு செலவுக்கு முன்னால் நடக்க வேண்டும். ஆளுக்கொரு கைச்செலவுத் தொகை, சம்பாதிக்காதவருக்கும் சேர்த்து, கேள்வி கேட்காமல் ஒதுக்க வேண்டும். அதில் அவர் பட்டு எடுத்தாலும் சரி, பரோட்டா சாப்பிட்டாலும் சரி. மூன்றாவதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: ஒரு செலவைக் குறைத்தால் முளைக்கும் வேலையை, குறைக்கச் சொன்னவர் முதல் மூன்று மாதம் தானே செய்ய வேண்டும். கிரைண்டர் கல்லைப் பன்னிரண்டு வாரம் கழுவிய பிறகும் வீட்டு மாவே லாபம் என்று அவருக்குத் தோன்றினால், அது லாபம்தான். இந்த வழி மெதுவானது. வட்டி ஏறும் கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டுக்கு அடுத்த சம்பள உயர்வுவரை காத்திருக்க நேரமில்லை. அங்கே முதலில் கடனைத்தான் பார்க்க வேண்டும்.

வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. புதுமணத் தம்பதியரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய அமெரிக்க ஆய்வொன்று 2023இல் வெளியானது. கூட்டுக் கணக்கு வைத்தவர்களின் உறவு இரண்டு ஆண்டுகளில் மற்றவர்களைவிட நன்றாக நீடித்தது. ஆனால் பெயர் இரண்டு இருந்தும் ஏடிஎம் கார்டும், ஓடிபி வரும் போனும் ஒருவர் பையிலேயே இருந்தால் அது கூட்டுக் கணக்கு ஆகாது.

இத்தனையும் முரண்டு பிடிக்கும் துணைக்குத்தான். கடன் செயலிகளில் மாட்டிக்கொண்டவர், ஆன்லைன் சூதாட்டத்தில் விழுந்தவர், டாஸ்மாக்கில் சம்பளத்தை விடுபவர் விஷயத்தில் சிக்கனப் பேச்சுக்கு இடமே இல்லை. அது நோய், சிகிச்சையும் பாதுகாப்பும் தேவை. அங்கே இன்னொருவர் செய்யக்கூடியது சொற்பம்: தன் வருமானம் தன் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்கு வரும்படி பார்த்துக்கொள்வது, நகையைத் தன் பெயரில் எடுத்த லாக்கரில் வைப்பது, எந்தக் கடன் பத்திரத்திலும் ஜாமீன் கையெழுத்துப் போட மறுப்பது.