புல்லின் போக்கு

கோல்ஃப் திடலுக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் கட்டணம் விசாரிப்பார்கள். நான் மழையை விசாரிப்பேன். மலாக்காவில் பிற்பகலில் இடி கூடிவிட்டால் திடலில் சைரன் ஊதும், எல்லாரும் ஒதுங்க வேண்டியதுதான். ஆகவே காலை ஏழரைக்கு முதல் பந்தை அடிக்கும்படி பதிந்துகொள்ளுங்கள். அதற்கு முன்னால் வெளிச்சம் போதாது. 1982இல் நம் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளியதிலிருந்து இங்கே ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது விடிகிறது. பசியாறிவிட்டே போகலாம்.

சிம்பாங் அம்பாட் டோலைத் தாண்டினால் அ ஃபமோசா. ரோனால்ட் ஃப்ரீம் வடிவமைத்த 27 குழித் திடல் அது. குரோக்கடைல், ராக்கி, பாம் என்று ஒன்பது ஒன்பதாக மூன்று பகுதிகள். எந்த இரண்டைச் சேர்த்தாலும் 18. வார இறுதியில் சிங்கப்பூர்க்காரர்களும் கோலாலம்பூர்க்காரர்களும் நிறைந்துவிடுவார்கள். வேலை நாளில் போனால்தான் நின்று பார்க்க முடியும்.

பார்க்க என்ன இருக்கிறது? தான் சாய் யான் என்பவர் 1896இல் இதே மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் ரப்பர் தோட்டத்தை உண்டாக்கினார். அதற்குப் பிறகு இந்த மண்ணெல்லாம் நேர்கோடுதான். நிரை பிடித்து நட்ட பால்மரம், அது போய்ச் செம்பனை. தோட்டத்தில் வளர்ந்த நம் கண்ணுக்கு நிரை பழகிப்போன ஒன்று. நல்ல கோல்ஃப் திடல் அந்தக் கண்ணை மெல்லத் திருப்பிவிடுகிறது. மேடு எங்கே எழுகிறது, பாதை எந்த இடத்தில் வளைந்து குழியை மறைக்கிறது, மணல் பள்ளம் ஏன் சரியாக அந்தத் தூரத்தில் காத்திருக்கிறது? அடிக்கும் முன் நம்மை யோசிக்க வைக்கும் நிலம் அது. அந்த யோசனையைத் தூண்டுவதுதான் வடிவமைப்பாளரின் கலை.

ஆனால் என் மனம் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில்தான் தங்கிவிடும். கொட்டும் மழைக்குப் பிறகும் அங்கே தண்ணீர் தேங்காமல் இருப்பது தற்செயல் அல்ல. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட கட்டுமான முறையில், அடியில் வடிகுழாய், மேலே 10 சென்டிமீட்டர் சரளை, அதன்மேல் 30 சென்டிமீட்டர் மணல் கலவை, கடைசியாகப் புல். மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு அதை வெட்டிப் பராமரிக்கும் தொழிலாளியின் கைக்குக் கோப்பை எதுவும் கிடைப்பதில்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்பேன்.

கிரீனில் வளர்க்கும் பெர்முடா புல்லுக்கு ஒரு சாய்வு உண்டு. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பளபளப்பாகத் தெரிந்தால் புல் உங்களை விட்டு விலகிப் படுத்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருத்துத் தெரிந்தால் எதிர்ப்போக்கு, கொஞ்சம் அழுத்தித் தட்ட வேண்டும். சந்தேகமா? குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். நைந்து காய்ந்திருக்கும் பக்கம் நோக்கித்தான் புல் சாய்ந்து வளர்கிறது. மா. ராமையா, பெ. குணசேகரன் போன்ற நம்மவர்கள் தொழில்முறை ஆட்டத்தில் மலேசியாவுக்குப் பெயர் சேர்த்தது இத்தகைய கிரீன்களை வாசித்துத்தான்.

காலர் வைத்த சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மட்டை இல்லாவிட்டால் வாடகைக்குக் கேளுங்கள். ஆட்டம் தொடங்க அரை மணி முன்னதாகவே போய்ப் பயிற்சி கிரீனைச் சுற்றி ஒருமுறை நடந்து, நாலு பக்கமிருந்தும் புல்லின் நிறத்தைப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.