1801இல் நின்றுபோன சரித்திரம்

கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரம் இன்றளவும் ஆய்வாளர்கள் நாடும் நூல். அதன் தரவுகளைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. அது எங்கே நிற்கிறது என்பதையே நாம் இங்கு நோக்க விரும்புகிறோம்.

ஆதிகாலம் தொட்டு, 1801இல் சீமை ஆங்கில அரசின் வசமானது வரை என்று தலைப்பே எல்லை வகுத்துவிடுகிறது. நூல் அச்சேறியபோது ஆங்கிலேயர் அங்கே எண்பது ஆண்டுகள் ஆண்டிருந்தனர். பாண்டியர், நாயக்கர், ஆர்க்காட்டு நவாப், பாளையக்காரர் என ஆட்சிகள் மாறியதெல்லாம் சரித்திரமாகிறது. கும்பெனியின் கொடி ஏறியதும் சரித்திரம் முற்றுப்பெற்றுவிடுகிறது. பிறர் ஆட்சி ஆராயத்தக்க பொருள். தம்முடையதோ ஆராய்பவர் அமர்ந்திருக்கும் நாற்காலி.

கொற்கையிலும் பழையகாயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்த அவரது உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. சீன, அரபுப் பாண்டங்களின் சில்லுகளை அவர் கண்டெடுத்தார். மார்க்கோ போலோ சொன்ன காயல் பழையகாயலே என்று வாதிட்டார். அம்முடிவோடு நமக்குப் பிணக்கில்லை. ஆனால் ஒரு துறைமுகம் மணலுக்குள் புதைந்தாலும் அதன் வணிகரும் அவர்தம் மொழியும் புதைவதில்லை. காயல்பட்டினத்தில் அரபுத்தமிழ் ஏடுகள் அப்போதும் எழுதப்பட்டும் ஓதப்பட்டும் வந்தன. ஓட்டுச்சில்லுக்குக் கிடைத்த சான்று மதிப்பு அந்த ஏடுகளுக்கு நூலில் கிட்டவில்லை.

விடுபட்ட எண்பது ஆண்டுகளில் வளர்ந்த ஊர்களுள் ஒன்று நாசரேத். கால்டுவெல் சார்ந்திருந்த எஸ்.பி.ஜி. சங்கத்தின் பணித்தளம் அது. 1876இல் அங்கு வந்த மர்காஷியஸ் பாதிரியார் 1908இல் மறையும்வரை பள்ளி, மருத்துவமனை, தொழிற்பள்ளி என்று ஊரையே உருவாக்கினார். திருச்செந்தூர் ரயிலில் செல்வோர் அவ்வூரைக் கடந்தே காயல்பட்டினம் சேர்கின்றனர். பெயரின் மூலமான கலிலேயா நகரை அதன் மக்கள் அந்நாஸிரா என்கின்றனர். 1947இல் ஐ.நா. பிரிவினைத் திட்டம் அதை அரபு நாட்டின் பகுதியாக வரைந்தது. 1948 ஜூலையில் இஸ்ரேலியப் படை கைப்பற்றியது. அங்கே எல்லைதான் நகர்ந்தது, ஊர் நகரவில்லை. நம் நாசரேத்தின் பெயரை மாற்றக் கோருவதல்ல நம் நோக்கம். (பெயர்ப்பலகையை மாற்றுவதே விடுதலை என்று கருதும் போக்கு இப்போது மிகுந்திருக்கிறது.) கல்வியும் தன்மதிப்பும் அப்பெயரோடு வந்ததாக உணரும் மக்களுக்கு அது சொந்தப் பெயர்.

எல்லை நகர்ந்த கதை நம் கடலிலும் உண்டு. 1658இல் தூத்துக்குடியும் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் வசமாயின. மன்னார் வளைகுடாவின் இரு கரை முத்துக்குளிப்பும் ஒரே கையில் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இக்கரை 1801இல் கும்பெனிக்குச் சேர்ந்தது; அக்கரை 1802இல் மன்னரின் நேரடிக் குடியேற்றமாயிற்று. ஒரே ஏகாதிபத்தியத்தின் இரு கணக்கேடுகள்! அந்தக் கணக்குப் பிரிவினையே பின்னர் இரு நாடுகளாயிற்று. 1974, 1976 ஒப்பந்தங்கள் அதைக் கடல்மேல் கோடாக்கின. கொழும்பில் கடையும் காயலில் குடும்பமுமாக வாழ்ந்தவர்கள் அன்னியராயினர். கோட்டை இழுத்தவை சுதந்திர அரசுகள். அளவுகோல் மட்டும் பழையது.

ஆக, கால்டுவெல் பேனாவைக் கீழே வைத்த இடத்திலேயே நம் எல்லைகள் பிறக்கின்றன. அங்கிருந்து தொடர வேண்டிய அத்தியாயத்திற்கு, சென்னை ஆவணக் காப்பகத்தோடு காயல் வணிகரின் கொழும்புக் கணக்குகளையும், நாசரேத் ஆலயப் பதிவேடுகளையும், முத்துக்குளித்தோரின் பங்குக் கணக்கையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தாக வேண்டும்.