சூடு ஆறுவதற்குள்

முழுசாகக் கெட்டுப்போன பாகம் நல்ல மெக்கானிக்குக்கு ஒரு பொருட்டே அல்ல. கழற்றி வேறு போட்டால் தீர்ந்தது. அவருடைய கைத்திறம் தெரிவது கெட்டும் கெடாமலும் இருக்கிற பாகத்தில்தான். அரை மணி நேரம் ஓடும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் மரநிழலில் விட்டால் எதுவுமே நடக்காததுபோலக் கிளம்பும். பட்டறைக்குள் வந்ததும் சமர்த்தாக ஓடிக் காட்டும்.

இந்த வித்தையை அம்பாசடரில் பார்க்க வேண்டும். 1957 முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான வண்டி அது. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழி வந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சின்தான் நெடுங்காலம் அதை ஓட்டியது. அந்த எஞ்சினில் கம்ப்யூட்டர் கிடையாது. பிளக்குக்குக் கரண்ட் வர வேண்டும், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வர வேண்டும், அவ்வளவே. அந்த அவ்வளவுக்குள் சூட்டில் நின்று குளிர்ந்தால் ஓடும் கோளாறுக்கு நான்கு இடங்கள் உண்டு: பெட்ரோல் வழியில் டேங்க் மூடி, பெட்ரோல் பம்ப்; கரண்ட் வழியில் காயில், கண்டன்சர்.

விஷயம் தெரிந்தவர் பானட்டைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்பார். “டக்குனு நின்னுச்சா, திக்கித் திக்கி நின்னுச்சா?” எனக்கு இந்தக் கேள்வியின் மேல் தனி மோகம். கரண்ட் அறுந்தால் சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் எஞ்சின் அந்தக் கணமே சாகும். பெட்ரோல் நின்றால் அப்படி இல்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருப்பது தீரும்வரை இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடும். ஸ்பானரைத் தொடாமலே நான்கில் இரண்டு பின்னுக்குப் போய்விட்டன.

அதன்பின் அவரே ஏறி உட்கார்ந்து, வண்டி நிற்கும்வரை ஓட்டச் சொல்வார். நின்றதும் அவசரம். சூடு ஆறினால் சாட்சியும் போய்விடும். திக்கி நின்ற வண்டி என்றால் முதலில் போவது டேங்க் மூடிக்கு. மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்திருந்தால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பம்ப் இழுப்பதைத் தடுக்கும். திறக்கும்போது காற்றை உள்ளே உறிஞ்சும் ‘புஸ்’ கேட்கும், ஒரே ஒரு தடவை. அதனால் மூடியைப் பிறர் திறக்க விடமாட்டார். காதை அருகே வைத்துத் தானே திறப்பார்.

சத்தமில்லை என்றால் பம்ப். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டினால், பம்ப் அந்த ஆவியையே நசுக்கிக்கொண்டிருக்கும். பட்டறையில் இதை ஏர்லாக் என்பார்கள். பம்ப்மேல் ஈரத்துணி சுற்றுவது டிரைவர்கள் எல்லோரும் அறிந்த வைத்தியம்தான். மெக்கானிக் கையில் அதே துணி சோதனையாகிறது. பம்ப்மேல் மட்டும் போடுவார், காயில்மேல் ஒரு சொட்டுப் படாமல். இரண்டும் சேர்ந்து குளிர்ந்தால் குற்றவாளி யாரென்று தெரியாதே!

‘டக்’கென்று நின்ற வண்டி என்றால் வழி வேறு. காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரைக் கழற்றி, எஞ்சின் உடம்பிலிருந்து விரற்கடைக்கும் குறைவாகத் தள்ளிப் பிடித்து, “செல்ஃப் அடி” என்பார். தன் முதுகால் வெயிலை மறைத்துக்கொண்டு பொறியின் நிறம் பார்ப்பார். நீலமாகக் கொழுத்துப் படபடத்தால் சரி. மஞ்சளாக மெலிந்தால் காயிலோ கண்டன்சரோ சூட்டில் தளர்கிறது.

எது என்பதற்குத் துப்பு, காயிலின் கரண்டை விட்டு விட்டு அறுக்கும் பாயிண்டில் கிடைக்கும். பாயிண்ட் திறக்கும்போது இடைவெளியைத் தாண்டப் பார்க்கும் கரண்டை விழுங்குவது கண்டன்சரின் வேலை. அது பலவீனமானால் பாயிண்ட் முகம் கருகும். கண்டன்சரின் அளவு பொருந்தாவிட்டால் ஒரு முகத்து உலோகம் மறுமுகத்துக்குப் போய் ஒட்டும். ஒரு பக்கம் பள்ளம், எதிர்ப்பக்கம் மேடு. இத்தனையும் 0.38 மில்லிமீட்டர் இடைவெளியின் இரு கரைகளில். அதை நகத்தால் தடவிப் பார்க்கும் விரலுக்கு எந்த மீட்டரும் ஈடில்லை என்பேன். (மீட்டர் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வரலாம்.)

இன்றைய கார்களிலும் எஞ்சின் சுழற்சியைக் கண்காணிக்கும் கிராங்க் சென்சார் இதே நாடகத்தை ஆடும். ஸ்கேனரில் சில சமயம் ஒன்றும் பதிவாகாது; முதற்கேள்வி அங்கேயும் செல்லும்.

அம்பாசடரின் அந்த நான்கையும் ஒரேயடியாக மாற்றினால் என்ன என்று கேட்கும் முதலாளிகள் உண்டு. புதிதாகப் போட்டதில் ஒன்று சொத்தையாக இருந்தால் எங்கே போய்த் தேடுவது? பாயிண்ட் கருகியிருந்தால் மெக்கானிக் மாற்றுவது கண்டன்சரை மட்டும். பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இடைவெளி வைத்து, உச்சிவெயிலில் அதே மேட்டில் ஏற்றிவிட்டு வரச் சொல்வார். நின்றால், அடுத்தது காயில்.