சிறையில் கிட்டிய திறவுகோல்

நலம் வருங்கால் இறைவனைப் புகழ்தல் எளிது. இடரிலும் உவகை குன்றாமையே உறுதியான பற்று. இவ்வுண்மையைக் கதையாக்கியவர், பெட்போர்டுச் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்த ஜான் பனியன். அவரது 'மோட்சப் பிரயாணம்' 1678-இல் வெளிவந்தது.

கதைத் தலைவன் குன்றேறுகையில் இடைவழி நிழற்பந்தலில் கண்ணயர்ந்து, தன் உறுதிச் சுருளை நழுவவிடுகிறான். பின்னர் ஐயக் கோட்டையின் இருட்டறையில், உயிர்விடும் எண்ணமும் தலைகாட்டிய பின், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பதை உணர்கிறான். நிழலில் இழந்தான், இருளில் கண்டான். அம்மகிழ்ச்சி வெளியிலிருந்து வந்ததன்று, முன்பே உள்ளிருந்தது. ஆசிரியரின் நுண்ணறிவு இங்கே விளங்கும்.

இந்நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. கம்பனில் தோய்ந்த அப்புலவர், காப்பிய விருத்தங்களுக்கிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாக்களையும் அமைத்தார். விருத்தம் பயணியின் வழியைக் கூறும். தேவாரம் அவன் நெஞ்சைப் பாடவைக்கும். துன்பத்திடையே பாடும் பத்தி நெறி தமிழுக்குப் புதிதன்று. அந்நெறியிலே கிறித்தவ உவகைக்கு இடங்கண்டதே கிருஷ்ண பிள்ளையின் தனிச்சிறப்பு. இதனை வெறும் மொழிபெயர்ப்பென ஒதுக்குவோர் இச்சிறப்பைக் காணார். இந்நூலைக் கற்பிக்கும் ஆசிரியர் கதைச் சுருக்கத்தோடு நில்லாது, அப்பாக்களையும் மாணவர் வாய்விட்டுப் பாடச் செய்தல் வேண்டும்.