நான்கு பக்கம், இரண்டு படம்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி இணையத்தில் தேடி எழுதிவரச் சொன்னால், பிள்ளைகள் கொண்டுவரும் தாள்களில் மூன்று செய்திகள் பெரும்பாலும் இருக்கும். விமானத்தின் நிழல் தரையில் விழாது. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல். பெரிய நந்தியை வைத்தவன் இராஜராஜன். ஆனால் நிழல் நன்றாகவே விழுகிறது. உச்சிப் பகுதி பல கற்களை இணைத்துச் செய்தது என்று கோயிலை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்றுள்ள நந்தி நாயக்கர் காலத்தது.

பிள்ளைகளுக்குச் சோம்பல் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பது ஒரு ஃபோன். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும். முதலில் வரும் பக்கத்தைத் திறந்து, கேட்ட நான்கு பக்கம் நிரம்பும்வரை எழுதுகிறார்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார்கள். அங்கே தலைப்பைச் சொன்னால் போதும், கடைக்காரரே தேடி, பிரிண்ட் எடுத்து, கலர் படத்துக்குத் தனிக் காசு வாங்கிக்கொள்வார். தேடல் என்ற பயிற்சியே அங்கே கைமாறிவிடுகிறது. மாணவருக்கு மிஞ்சுவது சார்ட் ஒட்டும் வேலை.

பார்த்து எழுதுவது இணையம் கொண்டுவந்த பழக்கமும் அல்ல. நோட்ஸைப் பார்த்து எழுதி, பெட்டிக்கடையில் வாங்கிய தலைவர் படங்களை ஒட்டிய தலைமுறைதான் இன்று குறை சொல்கிறது. புதிதாக வந்திருப்பது வேறொரு சிக்கல். தமிழில் ஒரு தலைப்பைத் தேடினால் ஒரே பத்தி, அதே எழுத்துப்பிழைகளோடு, பல தளங்களில் கிடைக்கும். “பத்து இடத்தில் இருக்கே சார்” என்று பிள்ளை சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பத்தும் ஒன்றிலிருந்து எடுத்தவை என்பதைக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித் தரவில்லை.

இது பெரியவர்களுக்கும் வராத கலை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்றாசிரியர்கள், 10 செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் என 45 பேரை இணையப் பக்கங்களை எடைபோடச் சொன்னார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்களே பலமுறை ஏமாந்தார்கள். பக்கத்தின் தோற்றத்தையும் முத்திரையையும் பார்த்து நம்பினார்கள். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவே இல்லை. வெளியே வந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். அவர்களுடைய பலம் இந்தப் பழக்கத்தில்தான் இருந்தது.

இணையமே வேண்டாம், நூலகத்துக்குப் போ என்பது ஊரில் நல்ல நூலகம் இருப்பவர்களின் அறிவுரை. இணையத்திலேயே நல்ல ஆதாரங்கள் உண்டு. பெரிய கோயிலின் சுவரில் இருப்பது என்ன? தானும் தன் அக்காவும் தன் தேவியரும் மற்றவர்களும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச் சொன்ன இராஜராஜனின் கணக்கு. 400 ஆடல் மகளிரின் பெயர்கள், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெரு வரிசையில் குடியிருந்தார்கள் என்பதுவரை அதில் உண்டு. ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி முன்பு பெரிய நூலகங்களில் மட்டும் கிடைத்தது. இன்று ஃபோனில் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பல கட்டுரைகளின் அடியில் மேற்கோள் பட்டியல் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் கட்டுரையை எடுத்துக்கொண்டு பட்டியலை விட்டுவிடுகிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கணக்குப் புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நிழல் கதை நோட்டில் ஏறுகிறது. எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

ஏன் ஏறுகிறது என்றால், கேட்டது “நான்கு பக்கம், இரண்டு படம்”. அதற்குச் சரியான விடை, முதலில் கிடைத்த நான்கு பக்கம்தான். கேட்டதை மாற்றினால் தேடலும் மாறும். “நிழல் விழாது என்கிறார்கள், உண்மையா?” என்று கேட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புக் கணக்கே போதும். டிசம்பர் கடைசியில் தஞ்சையில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து, சுமார் 56 பாகை ஏற்றக்கோணத்தில் இருக்கும். 200 அடிக்கு மேற்பட்ட விமானத்தின் உச்சி நிழல் மையத்திலிருந்து ஏறக்குறைய 135 அடி வடக்கே நீளும். அடித்தளத்தின் பாதியோ சுமார் 50 அடி. நிழல் வெளியே விழாமல் எங்கே போகும்? இந்தக் கேள்விக்குப் பார்த்து எழுத இடம் குறைவு; எழுதினாலும் இரண்டு வரி விளக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு கேள்வியை மாற்றுவது இன்னும் அவசரமாகிவிட்டது. பழைய நகலில் எழுத்துப்பிழையாவது ஊரைக் காட்டிக்கொடுத்தது. இப்போது வரும் பத்திகள் வழவழப்பானவை. எங்கிருந்து வந்தது என்ற தடமே பெரும்பாலும் இல்லாதவை.

ஆனால் இப்படிக் கேள்வி கேட்டால் ஒவ்வொரு தாளையும் படிக்க வேண்டும். ஐம்பது பேர் வகுப்பையும் எமிஸ் இணையதளப் பதிவுகளையும் சேர்த்துச் சுமக்கும் ஆசிரியர் அட்டையையும் பக்க எண்ணிக்கையையும் பார்த்து வளரறி மதிப்பெண்ணைப் போட்டுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்குப் பத்து அசைன்மென்ட் கேட்கும் முறை இரண்டைக் கேட்டு, அந்த இரண்டையும் படிப்பதற்கு அவருக்குப் பாடவேளை ஒதுக்கலாம்.