எல்லையைத் தேடிக்கொண்டே ஒரு கடலோரப் பயணம்

பிரான்ஸின் நீஸ் நகரிலிருந்து இத்தாலியின் வென்டிமிலியா வரை கடலோரமாகப் போனால் சுமார் 40 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். ஆனால் வழியெல்லாம் மலையைக் குடைந்த சுரங்கங்கள், கண்ணுக்கு ஒன்றும் சிக்காது. இந்தத் துண்டுச் சாலைக்கு ஓர் இரவும் இரண்டு பகலும் ஒதுக்குங்கள். பழைய சாலையிலேயே போங்கள்.

திசையை முதலில் முடிவு செய்யுங்கள். இரு நாடுகளிலும் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. நீஸிலிருந்து கிழக்கே போகிறவருக்குக் கடல் வலக்கைப் பக்கம், பயணியின் ஜன்னலை ஒட்டியே வரும். எதிர்த்திசையில் வந்தால், எதிரே வரும் லாரிக்கும் பேருந்துக்கும் இடையில்தான் கடலை எட்டிப் பார்க்க வேண்டும். ஆகவே இத்தாலியை நோக்கி ஓட்டுங்கள், திரும்பும்போது நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். காலையில் கிளம்பினால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். மதிய உணவை முடித்துக்கொண்டு புறப்படுவதே நல்லது.

நீஸிலிருந்து மூன்று சாலைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிழக்கே போகின்றன. கடலை ஒட்டிய கீழ்ச்சாலை வீடுகளும் சிக்னல்களுமாக நெரியும். நடுச்சாலை ஏஸ் என்ற மலையுச்சிக் கிராமத்தைத் தொட்டுச் செல்லும். படம் பிடிக்கிற கூட்டம் அங்கேதான். என் ஓட்டு மேலே போகும் கிராண்ட் கார்னீஷுக்கு. நெப்போலியன் உத்தரவில் போடப்பட்ட சாலை இது, பழைய ரோமானியப் பாதையைப் பெரும்பாலும் பின்பற்றியது. லா தூர்பியில் வண்டியை நிறுத்துங்கள். ஆல்ப்ஸ் குடிகளை அடக்கியதற்காக அகஸ்டஸ் சீசருக்கு கி.மு. 6-ஆம் ஆண்டுவாக்கில் எழுப்பிய வெற்றித்தூண் பாதி இடிந்து வெள்ளையாக நிற்கிறது. தோற்ற குலங்களின் பெயர்களை வரிசையாக அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நேர் கீழே, காலடியில் கொட்டிவைத்ததுபோல மொனாகோவின் அடுக்குமாடிகள். ஒரே பார்வையில் இரண்டாயிரம் ஆண்டு ஆடம்பரம்!

இந்தப் பயணத்தின் சுவை இந்த இடத்தில்தான் பிடிபடும். சாலைக்கு ஈராயிரம் வயது, எல்லைக்கு இருநூறுகூட ஆகவில்லை. 1860 வரை நீஸ் சார்டீனிய அரசின் ஊர். எல்லை நகருக்கு மேற்கே, இன்று விமான நிலையம் இருக்கும் பக்கம், வார் நதியில் இருந்தது. இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டி பிறந்ததே நீஸில்தான். வழியில் எல்லைக்கு முன்னால் வரும் மாந்தோன் ஊர் மொனாகோவின் கையிலிருந்து 1861-இல் பிரான்ஸுக்கு வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டினால், எது உண்மையில் மாறுகிறது, எது சும்மா பலகையில் மட்டும் மாறுகிறது என்று தேடத் தோன்றும்.

பலகை என்றதும் ஓர் எச்சரிக்கை. பிரான்ஸில் கட்டண நெடுஞ்சாலைக்கு நீலப் பலகை, மற்ற முக்கியச் சாலைகளுக்குப் பச்சை. இத்தாலியில் அப்படியே தலைகீழ். பழைய சாலையிலேயே போக நினைப்பவர் எல்லைக்கு அப்பால் பச்சையை நம்பினால், அடுத்த நிமிடம் சுங்கச்சாவடியில் நிற்பார்.

வழியில் ரோக்ப்ரூன். சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியே, 1952-இல் தனக்கென்று இங்கே கடலோரத்தில் ஒரு மரக்குடில் கட்டிக்கொண்டார். ஒரு பக்கம் 3.66 மீட்டர், மறுபக்கமும் அதேதான். ஒரு நகரத்தையே வரைந்தவருக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. 1965-இல் அந்தக் கடலில் நீந்தும்போதே இறந்தார். உள்ளே பார்க்க முன்பதிவு வேண்டும்.

இரவு மாந்தோனில் தங்குங்கள். எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். பிப்ரவரியில் பழங்களாலேயே தேர்கள் அலங்கரித்துத் திருவிழா எடுப்பார்கள், அப்போது அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. காலையில் கிழக்கே எல்லைப் பக்கம் கராவான் வரை போய், வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். காவியும் ரோஜாவும் மஞ்சளுமாக அடுக்கடுக்கான வீடுகள், உச்சியில் தேவாலயக் கோபுரம், எல்லாவற்றின் முகத்திலும் வெயில். மாலையில் இதே இடம் வெறும் நிழல்.

எல்லையைக் கடக்க மேலும் கீழுமாக இரண்டு வழிகள். ஷெங்கன் விசா இருந்தால் தாண்டத் தடையில்லை. ஆனால் 2015-இலிருந்து பிரான்ஸ் போலீஸ் இங்கே சோதனை போடுகிறது. இத்தாலிப் பக்கமிருந்து வரும் அகதிகளைத் திருப்பி அனுப்புகிறது. உல்லாசப் பயணிக்கு அழகான வளைவாகத் தெரியும் பாறைக்கரையில், அந்தக் கோடையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். நம் நிறத்தவர் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். வாடகைக் கார் என்றால், எல்லை தாண்டுவோம் என்று எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கீழ்ப்பாதையில் தாண்டியதும் பால்ஸி ரோஸி என்ற செம்பாறைக் குகைகள். பழங்கற்கால மனிதர்களின் புதைகுழிகள் கிடைத்த இடம். சற்றுத் தள்ளி லா மோர்த்தோலாவில், தாமஸ் ஹான்பரி 1867-இல் தொடங்கிய தோட்டம் கடல்வரை சரிந்து இறங்குகிறது. நேரம் குறைவென்றால் குகையை விடுங்கள், தோட்டத்தை விடாதீர்கள். அதன் கீழ்ப்பகுதியில் ஒரு துண்டு ரோமானியச் சாலை கிடக்கிறது. லா தூர்பி தூணருகே போன அதே சாலைதான்!

வாய்க்கும் ஒரு சோதனை உண்டு. நீஸில் கடலைமாவைத் தண்ணீரும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துக் கரைத்து, பெரிய செப்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடுவார்கள், பெயர் சோக்கா. மேலே மிளகுத்தூள் தூவிக் கையால் பிய்த்துத் தின்ன வேண்டும். எல்லைக்கு அப்பால் இதுவே ஃபரினாத்தா. இரண்டையும் சுடச்சுடச் சாப்பிட்டுப் பாருங்கள், ஆறினால் இரண்டுமே ரப்பர். காப்பிதான் உண்மையில் மாறுகிறது. இத்தாலியில் கடை மேடையருகே நின்றபடி இரண்டு மடக்கில் குடித்துவிட்டு நடப்பார்கள். உட்கார்ந்தால் பல கடைகளில் விலை கூடும்.

வென்டிமிலியாவில் வெள்ளிக்கிழமை சந்தை. விலை மலிவென்று பிரான்ஸிலிருந்தே கூட்டம் கூட்டமாக வருவார்கள். சந்தை வேண்டுமானால் அன்று மாந்தோனிலேயே காரை விட்டுவிட்டு ரயிலேறுங்கள். வேண்டாமென்றால் வெள்ளியைத் தவிர்த்து வேறு நாள் பாருங்கள். எந்த நாளானாலும் மலைமேல் இருக்கும் பழைய ஊருக்குள் காரை நுழைக்காதீர்கள். இத்தாலியப் பழநகரங்கள் பலவற்றில் வெளியார் வண்டிக்குத் தடை உண்டு. கேமரா படமெடுத்துவிடும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக உங்களைத் தேடி வரும்.